பேரறுத்தாருக்கு முதல் சோறு

அழக்கூடாதாம். தளவாய் நேற்றுச் சாயங்காலமும் வந்து சொன்னார், இன்று விடிந்ததும் வந்து சொன்னார். மடத்து மேனேஜர் என்றால் எந்த வீட்டில் எவள் அழலாம், எவள் அழக்கூடாது என்று பார்க்கிற உத்தியோகம் போலிருக்கிறது. "நீங்க நடைக்கு உள்ளதான் நிக்கணும்மா. அவுக தெருவுல நின்னு தாயே பிச்சைன்னு மூணு தரம் கேப்பாக. சோத்த திருவோட்டுல போட்டுட்டு, விழுந்து கும்பிட்டுட்டு, உள்ள போயிரணும். அழுது வச்சிராதிய, டிவிக்காரங்க வந்திருக்காங்க." அவுகளாம். போன மாசம் வரைக்கும் இதே தளவாய் இதே நடையில் நின்று, "ஏல கைலாசு, அப்பா இருக்காராடே" என்று கேட்டவர்தான். பெற்றவள் பிள்ளையின் காலில் விழவேண்டும், அதை டிவிக்காரன் படம் பிடிக்க வேண்டும், ஊர் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். இடுப்பில் வெண்கலப் பானை சுடுகிறது. துணி மடித்து வைத்திருந்தும் சூடு சேலையைத் தாண்டி வந்துவிட்டது. கீழே வைக்கக் கூடாதாம், அதற்கும் ஒரு சட்டம். வலது முழங்கால் விண்விண் என்கிறது. என் நாத்தனார் செண்பகம் பக்கத்தில் நின்று விசிறுகிறாள், விசிறியிலும் அந்த ஆள் படம், பேரறுத்தார் அரிசி ஆலை இலவசமாகக் கொடுத்த விசிறி. ஒவ்வொரு வீச்சுக்கும் அந்தத் தாடி என் மூக்குக்கு நேரே வந்து வந்து போகிறது. "மைனி, கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லுங்க, எல்லாரும் பாக்காவ." பார்க்கட்டும். என் வீட்டுக்காரர் தெருவில் நிற்கிறார், சிவசைலம் பிள்ளை, மடத்துக் கல்லூரியில் ஹெட்கிளார்க், புது வேட்டி, ஜவ்வாது, நெற்றி நிறைய திருநீறு. போகிறவன் வருகிறவன் எல்லாம் அவர் கையைப் பிடித்து, பிள்ளையைக் கொடுத்த புண்ணியவான் என்கிறான். கொடுத்தாராம். கோயில் டியூப்லைட்டில் எழுதுவது போல, உபயம் சிவசைலம் பிள்ளை என்று அவன் முதுகில் எழுதிவிட்டால் இந்த மனுசனுக்கு இன்னும் திருப்தியாக இருக்கும்.

எல்லாம் அந்த ஆளால் வந்தது. எண்ணூறு வருசத்துக்கு முன்னால் மலையில் ஒரு குகைக்குள் போய் உட்கார்ந்த ஆள். பாண்டியனுக்கு வரி தண்டிக்கொடுத்தவர் என்கிறார்கள், யானை வாங்கி விற்றவர் என்கிறார்கள், எவனுக்கும் தெரியாது. ஒரு நாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போனார், போகும்போது தன் பேரையும் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பேரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் அப்படி ஒருவன் இங்கே இல்லை என்பாராம். பேரை அறுத்தவர், அதனால் பேரறுத்தார். சரி. தன் பாட்டுக்குப் போனார், தன் பாட்டுக்கு இருந்தார், தன் பாட்டுக்குச் செத்தார். அத்தோடு விட்டிருக்கலாமே. பேரே வேண்டாம் என்று ஓடிய மனுசன் பேரை விரட்டிப் பிடித்து வந்து, பேரறுத்தார் கலைக்கல்லூரி, பேரறுத்தார் பாலிடெக்னிக், பேரறுத்தார் எடைமேடை, தென்காசிக்குப் போகிற மினிபஸ்ஸில் கண்ணாடி முழுக்க பேரறுத்தார் துணை. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் பேரறுத்தார் சிக்கன் சென்டர் என்று ஆரம்பித்தான், ஊரே கூடிப்போய் அதை மட்டும் மூடியது. அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மற்றதெல்லாம் நியாயமென்றால் அதுவும் நியாயம்தான். அவருக்குப் பிறகு மடத்துப் பட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதே பேர். ஒருவர் செத்தால் இன்னொருவன் தலையில் அந்தப் பேரைக் கவிழ்ப்பார்கள், பழைய பேரோடு ஆள் காணாமல் போய்விடுவான். போன மாசம் பட்டத்திலிருந்த பெரியவர் போனார், அடுத்தது என் பிள்ளை தலை. அந்தப் பெரியவர் சொந்தப் பேர் என்ன என்று இந்தத் தெருவில் யாருக்காவது தெரியுமா? எந்த ஊர், எவள் பெற்றாள்? அந்த முதல் ஆளைத் தேடி அவரைப் பெற்றவள் மலையேறிப் போனாளாம். கூப்பிட்டாளாம், அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லையாம். அப்புறம் அவரே இறங்கி வந்து அவள் வாசலிலேயே, யாரோ எவளோ என்கிற மாதிரி, தாயே பிச்சை என்று நின்றாராம். அவள் போட்டாளாம். அந்தக் கதைக்காகத்தான் இன்று நான் பானையும் கையுமாக நிற்கிறேன். மடத்துச் சுவரில் பெரிசாக எழுதி வைத்திருக்கிறார்கள் அந்தப் படத்தை. அவர் ஆள் உயரத்துக்கு, தலையைச் சுற்றி மஞ்சள் வெளிச்சத்தோடு. அவள் மூலையில், முழங்கை உயரத்துக்கு, சட்டியோடு. சிரித்துக்கொண்டிருக்கிறாள். எந்தப் பாவி வரைந்தானோ, அவன் தாயைக் கண்ணால் பார்த்திருப்பானா? பிள்ளை தன்னைத் தெரியாது என்கிறான், சோறு போடுகிறவள் சிரிப்பாளா? அவள் பேர் என்ன? பேரறுத்தார் பேரில் எடைமேடை இருக்கிறது, பெற்றவள் பேரில் ஒரு பெட்டிக்கடை கிடையாது. அவள் பேரை அவள் அறுக்கவில்லை, இவர்கள் அறுத்தார்கள். அவள் அன்றைக்குப் போடாமல் விட்டிருந்தால், போடா என்று கதவைச் சாத்தியிருந்தால், மடமும் இல்லை மண்ணும் இல்லை. நாயனச் சத்தம் கேட்கிறது. ஆற்றங்கரையில் முழுக்கு முடிந்திருக்கும். செண்பகம் விசிறுவதை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

தலையை மழித்திருப்பார்கள். ரெட்டைச் சுழி அவனுக்கு, எண்ணெய் வைக்கும்போது எந்தப் பக்கம் சீவினாலும் நிற்காது. நான் திட்டிக்கொண்டே சீவுவேன், அவன் பேசாமல் உட்கார்ந்திருப்பான். அந்தப் பேசாமல் உட்கார்வதுதான் வினையாகப் போயிற்று. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என்ன அமரிக்கையான பிள்ளை, என்ன அமரிக்கையான பிள்ளை என்பார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மடத்துப் பள்ளிக்கூடத்தில் தேவாரம் படிக்கப் போட்டார் அவன் அப்பா, மற்றப் பிள்ளைகள் நெளியும்போது இவன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பெரியவர் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருந்தாரா. எம்மெஸ்ஸி கணக்கு முடித்துவிட்டு வந்து ஒரு வருசமாக மடத்துக் கல்லூரியில்தான் பாடம் எடுத்தான். பெண் பார்க்க அம்பாசமுத்திரம் போவோமா என்று கேட்டேன், சிரித்தான். அப்புறம் ஒரு நாள், துணி காயப்போடும்போது, வந்து சொன்னான். "எனக்கு அங்க அமைதியா இருக்கும்மா." ஏன், இங்கே என்ன அமைதி இல்லை? நான் என்ன செய்துவிட்டேன்? குக்கர் சத்தம் போடும், மிக்ஸி சத்தம் போடும், நானும் சத்தம் போடுவேன், இது வீடு, மனுசர் இருக்கிற வீடு. உன் அப்பாவிடம் கத்தினால்தான் ஒரு வேலை நடக்கும், அதற்கு நான் என்ன செய்ய? நான் கத்துவதால்தான் போகிறாயா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இல்லை என்று சொல்வான், அவன் சொல்லும் இல்லைக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் பத்து வருசம் நான் யோசித்துக்கொண்டு கிடக்க வேண்டும். அங்கே அமைதியாமே! மடத்துக்கு நெல்லைக் கோர்ட்டில் கேஸ், மதுரைக் கோர்ட்டில் கேஸ், அட்மிஷன் நேரத்தில் எம்எல்ஏ ஆட்கள், குத்தகைக்காரன், லாரிக்காரன், எல்லாரும் போய் அந்த நாற்காலி முன்னால்தான் நிற்பார்கள். குகைக்குப் போகிறேன் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். குகைக்குக் கம்பிக்கதவு போட்டு, பூட்டி, சாவி தளவாய் இடுப்பில் இருக்கிறது. நீ கையெழுத்துப் போடப் போகிறாய் கைலாசு, அதுவும் உன் கையெழுத்து இல்லை.

முந்தாநாள் பேர் எடுக்க வந்தார்கள். அப்படி ஒரு சடங்கு. பிள்ளையின் பேர் எழுதிய எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்து மடத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள். சர்ட்டிபிகேட், பள்ளிக்கூட ஷீல்டு, கல்யாணப் பத்திரிகையில் அவன் பேர் போட்டிருந்தால் அதுவும். தளவாய் நல்ல மாதிரிச் சிரித்துக்கொண்டு, "ஆதார்ல மாத்துறதுக்கு வக்கீல்ட்ட சொல்லியாச்சும்மா, நீங்க அலைய வேண்டாம்" என்றார். நான் அலைவேனாம். முதல் பிறந்தநாளுக்கு என் அண்ணன் வாங்கிக்கொடுத்த எவர்சில்வர் டம்ளர், அடியில் சி. கைலாசம் என்று வெட்டியிருக்கும், அதை மட்டும் தரமாட்டேன் என்றேன். அதற்கு என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா, எனக்குச் சமாதானம் செய்கிறாராம், பாத்திரக்கடைக்குக் கொண்டுபோய் அந்தப் பேரைத் தேய்த்து எடுத்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "இந்தா, டம்ளர் உனக்குத்தான், வச்சுக்க." என்னிடம் எந்தப் பாத்திரத்துக்குப் பஞ்சம்? அந்த மனுசனை நான் அடித்திருப்பேன். முப்பது வருசம் குடித்தனம் நடத்திய ஆளுக்கு நான் எதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. இன்று சோறு விழுகிற நிமிசத்திலிருந்து வீட்டுக்குள்கூட அந்தப் பேரைச் சொல்லக் கூடாதாம். தூக்கத்தில் சொன்னால்? உப்புப் போடக் கூடாது என்றும் ஒரு சட்டம், முதல் சோற்றில் உப்பு இருந்தால் பந்தம் ஒட்டிக்கொள்ளுமாம். போட்டேன். கல்லுப்பு, கைநிறைய அள்ளி உலையில் போட்டேன். செண்பகம் பார்த்தாள், நான் அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

உப்புப் போட்டதே வீண். நான் இந்தச் சோற்றைப் போடப்போவதில்லை. யாருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. மூன்று தடவைக்கு மேல் கேட்கக் கூடாது, மூன்று தடவையும் பெற்றவள் போடாவிட்டால் அந்தப் பையனுக்குப் பட்டம் கிடையாது, திரும்பி வீட்டுக்குள் போய்விட வேண்டும், வேறு ஆளைப் பார்ப்பார்கள். இதுவும் அவர்கள் சட்டம்தான், தளவாய்தான் ஒரு தடவை வாய் தவறிச் சொன்னார், சொல்லிவிட்டுப் பயமுறுத்தல் மாதிரி ஒரு கதையும் சொன்னார். அவர் தாத்தா காலத்தில் மேலத்தெருவில் ஒருத்தி போடமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டாளாம். "அந்தப் பய என்ன ஆனான் தெரியுமாம்மா? ஜவுளிக்கட வச்சான், ரெண்டு பொண்டாட்டி, ஏழெட்டுப் பிள்ள, கடேசில சர்க்கர வந்து கால எடுத்துச் செத்தான். சாபம்." எனக்குக் கேட்கக் கேட்க நாக்கில் தண்ணீர் ஊறியது. ஏழெட்டுப் பிள்ளையாம்! அவன் அம்மா எப்படித் தூங்கியிருப்பாள் ராத்திரி. எனக்கும் அந்தச் சாபம்தான் வேண்டும். ஊர் காறித் துப்பும், துப்பட்டும். இவருக்கு மடத்துக் கல்லூரியில் வேலை போகும், போகட்டும், ஜவ்வாது பூசிக்கொண்டு வீட்டில் கிடக்கட்டும். கைலாசு என்னோடு பேசமாட்டான். பேசமாட்டான். அதை நினைத்தால்தான் கை வழுக்குகிறது. ஒரு வருசம் பேசமாட்டானா, இரண்டு வருசமா? மாடியில் இருப்பான், தட்டை வைத்துவிட்டு வந்தால் எடுத்துக்கொள்வான், செருப்புச் சத்தம் கேட்கும், அது போதும் எனக்கு. அவன் என்னை வெறுத்தால் வெறுக்கட்டும், என் வீட்டில் இருந்துகொண்டு வெறுக்கட்டும். மடத்தில் இருந்துகொண்டு எல்லா ஜீவனையும் நேசிப்பதுபோல என்னையும் நேசிப்பானே, அந்த நேசம் எனக்கு எதற்கு? வரிசையில் நின்று, தளவாயிடம் சீட்டு வாங்கி, திருநீறு வாங்கிக்கொண்டு வரவேண்டும். மடத்துச் சாமியார்களில் சின்னத் தம்பிரான் ஒருவரின் அம்மா அப்படித்தான் வருவாள் ஆலங்குளத்திலிருந்து, தூணோரமாக நின்று பார்த்துவிட்டு, யாரிடமும் நான்தான் அம்மா என்று சொல்லாமல் பஸ் ஏறிப் போவாள். நான் அவள் இல்லை. என்னால் முடியாது. மேளம் தெரு முனைக்கு வந்துவிட்டது. சனங்கள் ஒதுங்குகிறார்கள். பானையை இடது இடுப்புக்கு மாற்றுகிறேன், கரண்டிக்கை கதவைப் பிடித்திருக்கிறது, சாத்துவதற்கு வசதியாக.

முதலில் குடை தெரிந்தது, அப்புறம் தலை. இவ்வளவு சின்னத் தலையா அவனுக்கு? காதுகள் தனியாக நிற்கின்றன. ஈரக் காவி காலில் ஒட்டுகிறது, தெரு சுடும், வெறுங்கால், எவனாவது ஒரு வாளி தண்ணீர் தெளித்திருக்கக் கூடாதா இத்தனை பேர் நிற்கிறார்களே. மேளம் நின்றது. மைக்கைக்கூட நிறுத்திவிட்டார்கள். இவர் கையைக் கூப்பிக்கொண்டு தன் மகன் முன்னால் குனிந்து நிற்கிறார், வழுக்கையில் வேர்வை மின்னுகிறது. அவன் நடைக்கு நேரே வந்து நின்றான். திருவோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், கண் ஓட்டைவிட்டு மேலே வரவில்லை. "தாயே, பிச்சை." நல்ல குரல், தெளிவான குரல், யார் வீட்டுப் பிள்ளையோ. நான் நகரவில்லை. தளவாய் எனக்குக் கையைக் காட்டுகிறார், போடுங்க போடுங்க என்று. பார்க்காதது போல நின்றேன். செண்பகம் விலாவில் இடித்தாள், "மைனி, மைனி." கூட்டத்தில் யாரோ, அம்மாவுக்கு மயக்கமாயிருக்கும் என்றார்கள். மயக்கமெல்லாம் இல்லை, இந்த இருபத்து நாலு வருசத்தில் நான் இவ்வளவு தெளிவாக இருந்ததே இல்லை. "தாயே, பிச்சை." இரண்டு. இவர் கூப்பிய கையை அவிழ்த்துவிட்டுப் படிக்கு வந்துவிட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏட்டி ஆவுட, என்ன செய்யுத? மானத்த வாங்காத, போடுட்டி" என்றார். நான் உங்களைப் பார்க்கவே இல்லை, போங்கள். தளவாய் முகம் வெளுத்துவிட்டது, டிவிக்காரனைப் பார்த்துக் காமிராவை இறக்கு இறக்கு என்று சைகை செய்கிறார். இன்னும் ஒன்றுதான். ஒரே ஒரு தாயே. கேளடா, கேட்டுவிடு, கேட்டுவிட்டு இந்த வேசத்தைக் களைந்துவிட்டு உள்ளே வா, கதவைச் சாத்திக்கொள்ளலாம், முடி வளர்ந்துவிடும். அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். முழுசாகப் பார்த்தான், மழித்த தலைக்குக் கீழே அவன் கண்தான், கைலாசு கண்தான். பக்கத்தில் நின்ற தளவாய்க்குக்கூடக் கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாகச் சொன்னான்.

"பசிக்குதும்மா."

என் கை போய்விட்டது. நான் அனுப்பவில்லை, கதவைப் பிடித்திருந்த கை, அதுவாகவே பானைக்குள் போய்க் கரண்டியை நிறைத்து அவன் ஓட்டில் கவிழ்த்தது, ஆவி அவன் முகத்தில் அடித்தது, இன்னொரு கரண்டி போட்டேன், இன்னொன்று போட்டேன், போதுமா போதுமா என்று கேட்டேன் என்று செண்பகம் பிறகு சொன்னாள். பேரறுத்தாருக்கே என்று தெரு முழுக்க ஒரே கூச்சல், நாயனம், குலவை, யாரோ என் தோளை அமுக்கிக் கீழே விழச் செய்தார்கள், கல்படி நெற்றியில் பட்டது. நிமிர்ந்து பார்க்கும்போது ஓட்டைப் பின்னால் நின்ற தம்பிரானிடம் நீட்டிக்கொண்டிருந்தான். ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை. வேறு ஓட்டை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டு நடைக்கு நகர்ந்துவிட்டான், அங்கே அந்த நல்ல குரலில், தெளிவாக, தாயே என்றான். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நிமிசம் பயந்தே போனேன்" என்கிறார். மூன்றாவது தடவையும் தாயே என்று கேட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். படுபாவி, அம்மா என்று கேட்டுவிட்டான்.